எதை எடுப்பது, எதை விடுவது?



போன மாதம் நம் திருக்குறள் வகுப்பு முடிந்து பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தோம். அப்போது ஒரு தம்பி என்னிடம் வந்தான். "அண்ணே, அடுத்த ரெண்டு வாரம் நான் வரமாட்டேன். நாங்க வீடு மாறுறோம்" என்றான். நல்லபடியா போய்ட்டு வாப்பா என்றேன். அவன் போகவில்லை. தலையைச் சொறிந்துகொண்டே நின்றான்.

"ஒரு உதவி வேணும்ண்ணே. இன்னிக்கு நடத்துனீங்களே, துறவு அதிகாரம், அத எங்க பாட்டிக்கு ஒரு தடவ வந்து நடத்துங்க. பழைய சட்டி, ஓட்ட வாளி, கிழிஞ்ச பாய், எதையும் விடமாட்டேங்கிறாங்க. போற இடம் சின்ன பிளாட்டு. எங்கேண்ணே வைக்கிறது?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் வீட்டுக்குக் காடி ஓட்டிக்கொண்டு போகும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் நான்கு வருடத்துக்கு முன்னால் அந்தத் தம்பி இருந்த இடத்தில் நான் இருந்தேன். துறவைப் பற்றி எனக்கு எல்லாம் தெரியும் என்று நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு அன்று நான் சொல்லாமல் விட்ட பதிலை இன்று உங்கள் எல்லாருக்கும் சேர்த்துச் சொல்கிறேன்.

நாம் எல்லாருமே வீடு மாறி வந்தவர்கள்தாம்

வீடு மாறுவது நமக்குப் புதிதல்ல. நம் முன்னோர்களில் பலர் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறி, ஒரு தகரப் பெட்டியோடு பினாங்கிலும் கிள்ளானிலும் இறங்கினார்கள். அப்புறம் ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்குப் போனார்கள். 1950களின் கடைசியிலும் 1960களிலும் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றபோது, லயத்தையும் வேலையையும் சேர்த்தே இழந்தார்கள். அந்தத் தோட்டத் துண்டாடலுக்கு நடுவில்தான், தொழிலாளர்களே பங்கு போட்டுத் தோட்டங்களை வாங்கட்டும் என்று துன் சம்பந்தன் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். அதற்குப் பிறகும் தோட்டங்கள் தாமான்களாகவும் பட்டணங்களாகவும் மாறிக்கொண்டேதான் வந்தன. இன்று நாம் படம் எடுத்து மகிழும் புத்ராஜெயா நிற்கிற மண், ஒரு காலத்தில் பிராங் பெசார் தோட்டம். அங்கேயும் லயங்கள் இருந்தன, கோயில் இருந்தது. அங்கிருந்த குடும்பங்களும் சாமான் கட்டி லோரியில் ஏற்றியவர்கள்தாம்.

வள்ளுவரும் வீடு மாறுவதைப் பற்றிப் பேசுகிறார். நிலையாமை அதிகாரத்தின் கடைசிக் குறளைப் பாருங்கள், 340ஆவது குறள். அதில் இரண்டு அழகான பழைய சொற்கள் வருகின்றன. ஒன்று 'துச்சில்', இன்னொன்று 'புக்கில்'. துச்சில் என்றால் ஒண்டுக் குடித்தனம், அதாவது அடுத்தவன் வீட்டில் ஓர் ஓரமாக ஒண்டிக்கொண்டு இருக்கிற இடம். புக்கில் என்றால் புகுந்தபின் வெளியே போகத் தேவையில்லாத சொந்த வீடு. இந்த உடம்பில் ஒண்டுக் குடித்தனம் இருக்கிற உயிருக்கு ஒரு நிரந்தர வீடு இன்னும் கிடைக்கவில்லையோ என்று வள்ளுவர் கேட்கிறார். வாடகை வீட்டில் குடியிருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியின் வலி உரை இல்லாமலே புரியும்.

ஆக, உயிரே வாடகைக்குத்தான் இருக்கிறது. அப்படியிருக்க ஓட்டை வாளி எதற்கு, தூக்கிப் போட வேண்டியதுதானே என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

நான் லோரியில் ஏற்றிய டின்

நாங்கள் இருபது வருடத்துக்கு மேல் குடியிருந்த தாமான் வீட்டை அதன் சொந்தக்காரர் விற்க முடிவு செய்தார். ஒரு மாதத்தில் காலி செய்ய வேண்டும். ஒன்பதாவது மாடியில் ஒரு பிளாட் கிடைத்தது. அப்பா இல்லை. அம்மா வேலைக்குப் போய்விடுவார். சாமான் கட்டும் பொறுப்பு என் தலையில் விழுந்தது.

நான் சுறுசுறுப்பாக இறங்கினேன். கடையில் அட்டைப் பெட்டி கேட்டு வாங்கி வந்தேன். மூன்று நாளில் மூன்று அறை முடித்தேன். என் பெட்டிகளை எப்படிக் கட்டினேன் தெரியுமா? பழைய ஜெர்சி பதினொன்று, அறுந்த இயர்போன், படிவம் நான்கில் எழுதிய நோட்டுகள், ஓடாத விளையாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் பத்திரமாகக் கட்டி என் பெயரையும் எழுதி வைத்தேன். அப்புறம் பாட்டியின் மூலைக்கு வந்தேன். அங்கேதான் எனக்குத் துறவு ஞானம் பிறந்தது.

பாட்டி அன்று காலையில் கிளினிக் போயிருந்தார். கட்டிலுக்கு அடியில் பழைய துணி மூட்டை, காலிப் போத்தல்கள், துருப்பிடித்த பெரிய சதுரப் பிஸ்கட் டின் ஒன்று. மூடி இறுகிப்போய்த் திறக்க வரவில்லை. ஆட்டிப் பார்த்தேன். உள்ளே ஏதோ இரும்பு உருண்டது. அந்த நேரம் பார்த்து வாசலில், "சூராட் காபார் லாமா..." என்று ஒலிபெருக்கி கத்திக்கொண்டு லோரி வந்தது. பேப்பர் கட்டு, போத்தல், டின் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். நான்கு வெள்ளி கிடைத்தது. அந்த நான்கு வெள்ளிக்கு ஐஸ் கச்சாங் வாங்கிச் சாப்பிட்டேன். இதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பாட்டி மத்தியானம் வந்தார். கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. கட்டிலிலேயே உட்கார்ந்துவிட்டார். "டின்னு எங்கய்யா?" என்று மட்டும் கேட்டார். சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து, "என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமேய்யா" என்றார்.

அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் பதில் பேசியிருப்பேன். இந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

அந்த டின்னில் என்ன இருந்தது என்று அம்மா வேலை முடிந்து வந்துதான் எனக்குச் சொன்னார். பாட்டி கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. மெர்டேக்காவுக்கு முன்னால் இந்த மண்ணில், ஒரு தோட்டத்து லயத்தில் பிறந்தவர். ஆனாலும் குடியுரிமை எழுதாமலே விட்டுப் போயிற்று. படிப்பு இல்லை, எடுத்துச் சொல்ல ஆளும் இல்லை. இங்கேதான் பிறந்தார் என்பதற்கு இருந்த ஒரே ஆதாரம் அவருடைய பழைய பிறப்புப் பத்திரம். அது அந்த டின்னில் இருந்தது. தாத்தாவின் ஒரே படமும் அதில்தான். பாட்டி முப்பது வருடம் பால் மரம் சீவிய கத்தியும் அதில்தான்.

தம்பிகளே, அன்று சாயங்காலம் நான் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றாத தெரு இல்லை. அந்த லோரிக்காரரை யாருக்குத் தெரியும் என்று கடை கடையாகக் கேட்டேன். ஒரு மளிகைக் கடைக்காரர் வழி சொன்னார். பழைய சாமான் குவித்த ஒரு கொட்டகைக்குப் போய்ச் சேர்ந்தபோது இருட்டிவிட்டது. ஒரு சீனப் பெரியவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எழுந்து உள்ளே போனார். டின்னைக் கொண்டுவந்து கையில் கொடுத்தார். மூடியை நெம்பித் திறந்திருந்தார். "சூராட் பெந்திங்" என்றார். முக்கியமான காகிதமாம். யாராவது தேடி வருவார்கள் என்று தெரிந்து தனியாக எடுத்து வைத்திருந்தாராம்.

ஐம்பது வெள்ளியை நீட்டினேன். அவர் வாங்கவில்லை. டின்னைத் தராசில் வைத்து எடை பார்த்து, அதற்கு எனக்குக் கொடுத்த சில காசை மட்டும் திருப்பி வாங்கிக்கொண்டார். திருக்குறள் படித்த எனக்கு அது குப்பை. குறளே தெரியாத அந்தப் பெரியவருக்கு அது ஒரு மனிதரின் பொருள். அன்று என்னைவிட அவர்தான் வள்ளுவருக்குப் பக்கத்தில் நின்றார்.

35க்கு முன்னால் எத்தனை படி?

அன்று இரவு தூக்கம் வரவில்லை. கட்டி வைத்த பெட்டியைப் பிரித்துத் திருக்குறளை எடுத்தேன். துறவு எத்தனையாவது அதிகாரம்? 35. அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பின்னோக்கிப் புரட்டினேன்.

துறவறவியல் என்கிற பகுதி துறவில் தொடங்கவில்லை. 25ஆவது அதிகாரமான அருளுடைமையில் தொடங்குகிறது. மற்ற உயிரின் வலி நமக்குத் தெரிய வேண்டும் என்பது அங்கே முதல் படி. 29ஆவது கள்ளாமை. பிறர் பொருள்மேல் கை வைக்காதே என்கிற அதிகாரம். 31ஆவது வெகுளாமை, கோபப்படாதே. 32ஆவது இன்னா செய்யாமை, யாருக்கும் துன்பம் செய்யாதே. 34ஆவதாகத்தான் எதுவும் நிலையில்லை என்கிறார். இத்தனையும் ஏறி வந்தவனுக்கு 35ஆவது படியில்தான் 'விட்டுவிடு' என்று சொல்கிறார்.

நான் என்ன செய்தேன்? நேராக 35இல் போய்க் குதித்தேன். அதுவும் என்னுடையதை விடவில்லை. என் பதினொரு ஜெர்சியும் பெட்டியில் பத்திரமாக இருந்தது. பாட்டியின் பொருளை நான் விட்டேன். பிறர் பொருளை அவரைக் கேட்காமல் எடுத்துக் கொடுத்துக் காசு வாங்குவதற்குப் பெயர் துறவா? அது 29ஆவது அதிகாரத்தில் அல்லவா வருகிறது! என் பாட்டிதானே, என் வீடுதானே என்று நான் சமாதானம் சொல்லலாம். பொருள் யாருடையதோ அவர் 'சரி' என்று சொல்லாதவரை அந்தச் சமாதானம் செல்லாது.

இதைத்தான் நான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். நம்முடையதை நாம் விட்டால்தான் அது துறவு. அடுத்தவர் பொருளை நாம் எறிந்துவிட்டு அதற்குத் துறவு என்று பெயர் வைக்கக் கூடாது. அவர் வயதானவர், மெதுவாக நடக்கிறார், எழுதப் படிக்கத் தெரியாது என்பதற்காக அந்த உரிமை நமக்கு வந்துவிடாது. சொல்லப்போனால் அவர்களிடம்தான் நாம் இன்னும் நிதானமாகக் கேட்க வேண்டும். பாட்டியின் லயத்து வீட்டை யாரோ விற்றார்கள். யாரோ நாள் குறித்தார்கள். எதை எடுக்கலாம் என்பதை லோரியின் அளவு முடிவு செய்தது. வாழ்க்கையில் அவராகத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு டின்தான். அதையும் பேரன் கேட்காமல் தூக்கிவிட்டான்.

அப்பர் எடுத்துச் சென்ற ஒரே சாமான்

சரி அண்ணே, அப்ப எதையுமே விடக்கூடாதா என்று கேட்பீர்கள். விட வேண்டும். எப்படி விடுவது என்பதைத் திருநாவுக்கரசரிடம் கற்றுக்கொள்வோம்.

அப்பர் சுவாமிகள் ஊர் ஊராக நடந்தவர். அவருக்கு வீடு மாறுவது தினசரி வேலை. அவர் கையில் இருந்த சாமான் ஒன்றுதான், உழவாரம். கோயில் பிராகாரத்தில் முளைத்த புல்லையும் முள்ளையும் செதுக்குகிற கருவி. நாம் மாதம் ஒரு தடவை செய்கிற உழவாரப் பணிக்குப் பெயர் வந்ததே அதிலிருந்துதான்.

திருப்புகலூரில் நடந்ததைச் சேக்கிழார் பெரிய புராணத்தில் சொல்கிறார். அப்பர் வழக்கம்போல் செதுக்கிக்கொண்டிருக்கிறார். அவர் மனத்தை உலகுக்குக் காட்ட இறைவன் நினைக்கிறார். உழவாரம் பட்ட இடத்திலெல்லாம் பொன்னும் நவமணியும் மின்னுகின்றன. அப்பர் என்ன செய்தார்? கல்லையும் பொன்னையும் ஒன்றாகவே பார்த்தார். உழவாரத்தால் வாரி எடுத்துக் குளத்தில் எறிந்துவிட்டார்.

இதில் மூன்று விஷயம் கவனியுங்கள். முதலாவது, அவர் எறிந்தது அவர் முன்னால் அவருக்காக வந்த பொருள். அடுத்தவர் வீட்டுப் பொன்னை அவர் எறியவில்லை. இரண்டாவது, ஏன் எறிந்தார்? அடியார்கள் நடந்து வலம் வருகிற பாதை அது. கல்லாக இருந்தாலும் மணியாக இருந்தாலும் அவர்கள் பாதத்தில் குத்தும். அடுத்தவர் காலை நினைத்துத்தான் அவர் பொருளை விட்டார். மூன்றாவது, பொன்னை எறிந்தவர் உழவாரத்தை எறியவில்லை. தொண்டு செய்கிற கருவி கையிலேயே இருந்தது.

இதைப் படித்தபோது எனக்குப் பாட்டியின் கத்திதான் ஞாபகம் வந்தது. விடியாத இருட்டில் நெற்றி விளக்கோடு போய் மரம் சீவி, நான்கு பிள்ளைகளை வளர்த்த கத்தி. அது பாட்டியின் உழவாரம். அதைத்தான் நான் பழைய இரும்பு என்று எடைக்குப் போட்டேன்.

அப்ப, எப்படிக் கட்டுவது?

நாளைக்கே வீடு மாறுகிறவர்களும் இங்கே இருப்பீர்கள். அதனால் நடைமுறையாகச் சில விஷயங்கள் சொல்கிறேன்.

முதல் பெட்டி உங்களுடையதாக இருக்கட்டும். அம்மாவின் அடுப்படிக்கும் பாட்டியின் மூலைக்கும் போவதற்கு முன் உங்கள் அலமாரியைத் திறங்கள். ஒரு வருடமாகத் தொடாத சட்டை எத்தனை? நல்லதாக இருப்பதைத் துவைத்து, மடித்து, தேவைப்படுகிறவர்களுக்குக் கொடுங்கள். கிழிந்ததைக் கொடுக்காதீர்கள், நாம் போட வெட்கப்படுவதை இன்னொருவருக்குக் கொடுப்பது தானம் ஆகாது. நீங்கள் விடுவதைப் பெரியவர்கள் பார்க்கட்டும். அப்புறம் அவர்களே, "இதையும் எடுத்துக்கய்யா" என்று ஒன்றிரண்டை நீட்டுவார்கள்.

பெரியவர்களின் பொருளை அவர்களோடு உட்கார்ந்து கட்டுங்கள். ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, "இது என்ன பாட்டி?" என்று கேளுங்கள். நேரம் ஆகும். ஒரு சாயங்காலத்துக்கு அரைப் பெட்டிதான் முடியும். முடிந்தால் போதும். கதை கேட்டால் பல பொருள் தானாகவே போகும். சொல்லி முடித்த பிறகு அந்தப் பொருள் அவர்களுக்குத் தேவைப்படாமல் போவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

காகிதங்களைத் தனியாக ஒரு கோப்பில் வையுங்கள். பிறப்புப் பத்திரம், திருமணப் பத்திரம், இறப்புப் பத்திரம், பள்ளிச் சான்றிதழ், பழைய அடையாள அட்டையின் நகல். இது லோரியில் போகக் கூடாது. உங்கள் கையில் வர வேண்டும். ஒவ்வொன்றையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். அப்படி எடுக்கும்போது வீட்டில் யாருக்காவது பத்திரம் இல்லையா, அட்டை சிவப்பா என்று பாருங்கள். இருந்தால் இப்போதே விசாரிக்கத் தொடங்குங்கள். படித்த பிள்ளை நீங்கள் செய்யாவிட்டால் வீட்டில் வேறு யார் செய்வார்கள்? இதுவும் சிவத்தொண்டுதான்.

பெட்டிகளில் உள்ளே இருப்பதை மேலே எழுதாதீர்கள்; பக்கவாட்டில் எழுதுங்கள். அடுக்கிய பிறகு மேல்பக்கம் தெரியாது. புத்தகங்களைச் சின்னப் பெட்டியில் வையுங்கள். பெரிய பெட்டி நிறைய வைத்தால் தூக்குகிற தம்பியின் இடுப்பு போய்விடும்.

சாமி மேடையைக் கட்டும்போது

சாமி மேடையைக் கடைசியாகக் கட்ட வேண்டும். முதலில் இறக்க வேண்டும். அன்று காலையும் வழக்கம்போல் விளக்கேற்றுங்கள். "நாங்கள் புறப்படுகிறோம், எங்களோடு வாருங்கள்" என்று உங்கள் சொந்த வார்த்தையில் சொல்லுங்கள். பிறகு விளக்கிலிருந்து எண்ணெயை வடித்துத் துடைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வழியெல்லாம் ஒழுகும். உலோகத் திருவுருவங்களைப் புளி போட்டுத் தேய்த்து, ஈரம் போகத் துடைத்து, ஒவ்வொன்றாகப் பருத்தித் துணியில் சுற்றுங்கள். கண்ணாடிப் படங்களைப் படுக்க வைக்காமல் நிற்க வைத்து, நடுவில் துண்டு விரித்துக் கட்டுங்கள். கற்பூரம், எண்ணெய், தீப்பெட்டி இவற்றை வெயிலில் காய்கிற லோரியில் ஏற்றாதீர்கள். சாமி பெட்டியை யாராவது மடியில் வைத்துக் காடியில் கொண்டு போகட்டும்.

எங்கள் மேடையைக் கட்டும்போது எண்ணிப் பார்த்தேன். இருபத்து மூன்று படம்! அதில் பிள்ளையார் மட்டும் ஆறு. பாதி காலண்டரிலிருந்து வெட்டியது. அம்மாவும் பாட்டியும் நானும் உட்கார்ந்து, தினமும் நாம் யாரைப் பார்த்துக் கும்பிடுகிறோம் என்று பேசினோம். ஐந்து படம் போதும் என்று மூன்று பேரும் ஒத்துக்கொண்டோம். நல்ல நிலையில் இருந்ததைக் கேட்டவர்களுக்குக் கொடுத்தோம். மங்கிப்போனதைச் சட்டத்திலிருந்து பிரித்தெடுத்து, கோயில் குருக்களிடம் கேட்டு அவர் சொன்னபடி செய்தோம்.

தயவு செய்து பழைய சாமி படங்களை மரத்தடியிலும் ரோட்டோரத்திலும் வைத்துவிட்டு வராதீர்கள். ஆற்றிலும் போடாதீர்கள். மழையில் நனைந்து, நாய் புரட்டி, கடைசியில் நகராட்சித் தொழிலாளி ஒருவர் அள்ளிப் போடுகிறார். அவர் எந்த மதத்துக்காரரோ! நாம் கும்பிட்டதை முடித்து வைக்கிற பொறுப்பை அவர் தலையில் கட்டலாமா? மற்ற மதத்தார் அதைப் பார்த்தால் நம் பக்தியைப் பற்றி என்ன நினைப்பார்கள்? நாம் சேர்த்ததை நாமே மரியாதையோடு முடித்து வைக்க வேண்டும்.

பழைய வீட்டில் கடைசி விளக்கு

லோரி போன பிறகு பழைய வீட்டைக் கூட்டித் துடைத்துவிட்டு வாருங்கள். காலி செய்கிற வீடுதானே, வருகிறவன் பார்த்துக்கொள்வான் என்று விடாதீர்கள். அந்தக் கூரைக்குக் கீழேதான் நீங்கள் தவழ்ந்தீர்கள், காய்ச்சலில் படுத்தீர்கள், பரீட்சைக்குப் படித்தீர்கள். இத்தனை நாள் இடம் கொடுத்ததற்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

புது வீட்டுக்கு முதலில் போக வேண்டியவை உங்களுக்குத் தெரியும். சாமி படம், குத்துவிளக்கு, நிறைகுடம், உப்பு, மஞ்சள், அரிசி. பால் பொங்கியதும் முதல் குவளையை வீட்டில் மூத்தவருக்குக் கொடுங்கள். பக்கத்து வீட்டு மலாய்க்காரருக்கும் எதிர்வீட்டுச் சீனருக்கும் ஒரு தட்டில் பலகாரம் கொண்டு போங்கள். மாடி வீட்டில் சாம்பிராணி போட்டால் ஜன்னலைத் திறந்து வையுங்கள். அப்பர் அடியார்களின் காலை நினைத்தார். நாம் அடுத்த வீட்டுக்காரரின் மூக்கையாவது நினைப்போம்.

எங்கள் ஒன்பதாவது மாடி வீட்டில் அந்தப் பிஸ்கட் டின் இன்னும் இருக்கிறது, பாட்டியின் கட்டிலுக்கு அடியிலேயே. ஆயுத பூசைக்கு என் மடிக்கணினியையும் அந்தக் கத்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சந்தனம் வைக்கிறோம். பிறப்புப் பத்திரத்தோடு பாட்டிக்குக் குடியுரிமை விண்ணப்பம் போட்டிருக்கிறோம். காத்திருக்கிறோம். அந்த டின் அன்று உருக்குக்குப் போயிருந்தால் இந்தக் காத்திருப்புகூட எங்களுக்கு இருந்திருக்காது.

கடைசியாக, அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மறுநாள் அவனுக்குப் போன் பண்ணினேன். "பாட்டிக்குப் பாடம் நடத்த நான் வரலப்பா. நீ பாட்டிகிட்ட போய் உட்கார்ந்து ஒவ்வொண்ணா கேளு. முதல்ல உன் பெட்டியத் தொற" என்றேன். "என்னண்ணே நீங்களும்" என்று இழுத்தான். ஒரு வாரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"அண்ணே, கிழிஞ்ச பாயப் பாட்டியே தூக்கிப் போட்டுட்டாங்க. சட்டியையும் ஒண்ண வச்சிக்கிட்டு மிச்சத்தக் கொடுத்துட்டாங்க. ஆனா அந்த ஓட்ட வாளி வருது."

"ஏன்டா?"

"பிளாட்டுல மண்ணு இருக்காதாம். கறிவேப்பிலக் கன்ன அதுல வச்சு எடுத்துட்டு வராங்களாம். ஓட்ட இருந்தாத்தான் தண்ணி வடியுமாம்ண்ணே."

எது குப்பை என்று முடிவு செய்வதற்கு முன், ஒரு வார்த்தை கேட்போம். நம்முடையதில் வேண்டாததை இந்த வாரமே ஒன்றாவது விடுவோம். நம் கையில் இருக்க வேண்டிய உழவாரம் எது என்று இறைவனிடம் கேட்டுத் தெரிந்துகொள்வோம்.

திருச்சிற்றம்பலம்.